கதவு திறக்கும் திசை

இடது கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். புறங்கையில் பச்சையும் நீலமுமாகச் சில கோடுகள் மெல்ல எழும்பி வரும். மண்வெட்டி பிடித்தவர், மூட்டை தூக்கியவர், வயதானவர் கையென்றால் அவை கயிறு போலப் புடைத்து நிற்கும். வீட்டுப் பேச்சில் இவற்றை நரம்பு என்கிறோம். ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்வதும் இவற்றைத்தான். அறிவியல் தமிழோ நரம்பு என்ற சொல்லை மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் இழைகளுக்கென்று எடுத்துக்கொண்டது. ரத்தம் ஓடும் இந்தக் குழாய்களுக்குச் சிரை என்று பெயர். இதயத்திலிருந்து கைக்கு ரத்தம் கொண்டுவருவது தமனி. கையிலிருந்து இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவது சிரை.

இப்போது ஒரு சோதனை. இடது முன்கையில் கிளை பிரியாமல் கொஞ்ச தூரம் ஓடும் ஒரு சிரையைத் தேர்ந்தெடுங்கள். அதன் கீழ்முனையை, அதாவது மணிக்கட்டுப் பக்கத்தை, வலது கையின் ஒரு விரலால் அழுத்திப் பிடியுங்கள். அந்த விரலை எடுக்காமல், இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கை நோக்கி இரண்டு மூன்று அங்குலம் வழித்துவிட்டு, வழித்த விரலை மட்டும் எடுத்துவிடுங்கள்.

வழித்த இடம் தட்டையாகக் கிடக்கும். மேலே ரத்தம் நிறைந்து நிற்கிறது, கீழே இடம் காலியாக இருக்கிறது. ஆனாலும் அது இறங்கி வராது. ஓரிடத்தில் சிறு முடிச்சுப் போலப் புடைத்து அங்கேயே நின்றுவிடும். மேலிருந்து கீழாக வழித்துத் தள்ளிப் பார்த்தாலும் அந்த முடிச்சைத் தாண்டாது. இனி, அழுத்திப் பிடித்த விரலை எடுங்கள். கண் இமைப்பதற்குள் கீழிருந்து ரத்தம் ஏறி, கோடு பழையபடி நிரம்பிவிடும்.

அந்த முடிச்சு ஒரு கதவு. அது ஒரு பக்கம்தான் திறக்கும். இந்தச் சோதனையைப் படம் போட்டு உலகுக்குச் சொன்ன புத்தகம் 1628-இல் வந்தது. அதற்கு முன் சுமார் 1,400 ஆண்டுகள், இந்தச் சிரைகளில் ரத்தம் எதிர்த் திசையில், உடலிலிருந்து விரலை நோக்கி ஓடுகிறது என்றுதான் ஐரோப்பாவின் மருத்துவர்கள் நம்பினார்கள்.

*

அவர்கள் நம்பிக்கை கேலனிடமிருந்து வந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசில் வாழ்ந்த அந்தக் கிரேக்க மருத்துவர் கூர்மையான பார்வை உடையவர்; தமனிக்குள் இருப்பது காற்றல்ல, ரத்தமே என்று சோதித்துக் காட்டியவர். அவர் சொன்ன கணக்கு இது: உண்ட உணவு ஈரலில் ரத்தமாகிறது. அது சிரைகள் வழியே உடலெங்கும் பரவுகிறது. கையும் காலும் மற்ற உறுப்புகளும் அதை உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன. பெரிய வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், கிளை வாய்க்காலிலிருந்து வயல் என்று பாய்ந்த தண்ணீர் மண்ணில் சுவறிவிடுவது போல. வயலுக்குப் போன நீர் அணைக்குத் திரும்புவதில்லை. அதனால் கைக்குப் போன ரத்தம் எப்படித் திரும்புகிறது என்ற கேள்வியே எழவில்லை.

கதவுகளைப் பார்க்காமலா இருந்தார்கள்? பார்த்தார்கள். இத்தாலியில் பாதுவா பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் பேராசிரியர் ஃபாப்ரிசியஸ், சிரைக்குள் இருக்கும் இந்தச் சவ்வுகளை 1574-இல் கண்டதாக எழுதுகிறார். 1603-இல் அவற்றுக்கென்றே தனி நூல் வெளியிட்டார். இரண்டு சட்டைப்பைகளை எதிரெதிரே தைத்து வைத்தது போன்ற மெல்லிய சவ்வுகள். பையின் வாய் இதயத்தைப் பார்த்திருக்கும். கீழிருந்து ரத்தம் வந்தால் பைகள் சுவரோடு ஒட்டி வழிவிடும். மேலிருந்து இறங்கினால் பைகளில் ரத்தம் நிரம்பி, இரண்டும் நடுவில் முட்டி வழியை அடைத்துவிடும். கயிறு கட்டிய உயிருள்ள கையில் முடிச்சு முடிச்சாக அவை எழும்புவதையும் ஃபாப்ரிசியஸ் அழகாகப் படம் வரைவித்தார்.

ஆனால் விளக்கம் சொல்லும்போது தவறினார். ரத்தம் கீழ்நோக்கித்தான் ஓடுகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே, ரத்தம் மொத்தமாகக் கையிலும் காலிலும் போய்த் தேங்கிவிடாதபடி வேகத்தைக் குறைக்கும் மதகுகள் இவை என்று முடிவு கட்டினார். வேகத்தை மட்டும் குறைப்பதாக இருந்தால் ஒரு பக்கம் முழுதாகத் திறந்து மறு பக்கம் முழுதாக மூடுவானேன்? அந்தக் கேள்வியை அவர் கதவிடம் கேட்கவில்லை.

கேட்டவர் அவருடைய மாணவர். இங்கிலாந்திலிருந்து பாதுவாவுக்குப் படிக்க வந்து 1602-இல் பட்டம் பெற்றுத் திரும்பிய வில்லியம் ஹார்வி. லண்டனில் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் மருத்துவராக இருந்துகொண்டே பல ஆண்டுகள் பாம்பையும் மீனையும் நாயையும் மனிதக் கையையும் சோதித்தார். ரத்தம் சுற்றி வருகிறது என்ற எண்ணம் எதனால் தோன்றியது என்று அவரது முதுமையில் விஞ்ஞானி ராபர்ட் பாயில் கேட்டிருக்கிறார். சிரைகளின் கதவுகள் அமைந்திருக்கும் விதத்தைப் பார்த்ததால்தான் என்று ஹார்வி பதில் சொன்னதாகப் பாயில் பதிந்து வைத்திருக்கிறார்.

ஹார்வியின் புத்தகம் 72 பக்கம். லத்தீனில் எழுதி, ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் அச்சானது. இதயத்தைப் பற்றிய அந்தப் புத்தகத்தில் இதயத்தின் படம் ஒன்றுகூட இல்லை. இருப்பதெல்லாம் கயிறு கட்டிய ஒரு முன்கையும், அதன் சிரையை அழுத்தும் விரலும்தான். அவருடைய ஆசிரியர் வரைவித்த அதே கையைத் தழுவிய படம். ஃபாப்ரிசியஸின் படத்தில் இல்லாத விரலை ஹார்வி சேர்த்தார். சற்று முன் நீங்கள் செய்தது அந்தப் படத்தில் இருப்பதைத்தான்.

அதோடு அவர் ஒரு கணக்கும் போட்டார். இதயம் ஒருமுறை துடிக்கும்போது வெளியேறும் ரத்தம் மிகமிகக் கொஞ்சம் என்றே வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் இதயம் ஆயிரம் தடவைக்கு மேல் துடிக்கிறது. பெருக்கிப் பார்த்தால் உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தையும் மிஞ்சிவிடுகிறது. இவ்வளவு ரத்தத்தை எந்த உணவிலிருந்து ஈரல் உண்டாக்கும்? உண்டாக்கினாலும் எந்த உறுப்பு உறிஞ்சும்? இன்றைய அளவில் சொன்னால், ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தை வெளியேற்றுகிறது. உடம்பில் இருப்பதும் ஏறக்குறைய 5 லிட்டர்தான். போனது திரும்பினால் ஒழிய இந்தக் கணக்கு நேராகாது.

ஓர் இடம் மட்டும் அவருக்கு எட்டவில்லை. விரல் நுனியில் தமனி முடிந்து சிரை தொடங்கும் இடத்தை அவர் கண்டதில்லை. அங்கே ஏதோ வழி இருந்தாக வேண்டும் என்று கதவையும் கணக்கையும் நம்பிச் சொன்னார். 1657-இல் அவர் இறந்தார். நான்கு ஆண்டு கழித்து, 1661-இல், இத்தாலிய மருத்துவர் மால்பிகி ஒரு தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்தபோது, தமனியையும் சிரையையும் இணைக்கும் மயிரிழையினும் மெல்லிய தந்துகிகள் தெரிந்தன.

*

இனி அந்தத் தந்துகியிலிருந்து ரத்தத்தோடு நாமும் புறப்படுவோம்.

உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள். அங்கே தடித்த சிரை ஒன்றும் தெரியாது. நாள் முழுதும் எதையாவது பிடித்து அழுத்தும் இடம் அது. பெரிய சிரைகள் அங்கே இருந்தால் கைப்பிடி இறுகும்போதெல்லாம் வழி அடைபடும். அதனால் விரல்களிலிருந்தும் உள்ளங்கையிலிருந்தும் வரும் ரத்தத்தில் பெரும்பகுதி புறங்கைப் பக்கம் திரும்பி, அங்குள்ள சிரை வலையில் சேர்கிறது. நாம் எதையாவது இறுக்கிப் பிடித்தால் வழி அடைபடுவதற்கு மாறாக, உள்ளங்கை ரத்தம் பிதுங்கிப் புறங்கைக்கு வருகிறது.

புறங்கை வலையிலிருந்து இரண்டு பெரிய பாதைகள் கிளம்புகின்றன. ஒன்று கட்டைவிரல் பக்கமாகவும் மற்றது சுண்டுவிரல் பக்கமாகவும் முன்கையில் ஏறும். முழங்கை மடிப்பில் ஒரு குறுக்குச் சிரை இரண்டையும் இணைக்கிறது. ரத்தப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் குத்துவது அங்கேதான். தோலுக்கடியில் தெரியும் இந்தப் பாதைகள் தவிர, தமனிகளை ஒட்டியே ஓடும் ஆழச் சிரைகளும் உண்டு. முன்கையில் ஒரு தமனிக்கு இருபுறமும் இரண்டு சிரைகள் என்று துணைக்குப் போகின்றன. எல்லாமே அக்குளிலும் தோள்பட்டை ஓரத்திலும் ஒன்றுகூடி, காறை எலும்புக்குப் பின்னால் நுழைந்து, தலையிலிருந்து இறங்கும் ரத்தத்தோடு கலந்து, மேல் பெருஞ்சிரை வழியாக இதயத்தின் வலது மேலறையில் கொட்டுகின்றன.

ஓடும் ரத்தம் நீலமோ பச்சையோ கிடையாது. ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதால் நிறம் அடர்ந்த சிவப்பு. பரிசோதனைக்கு எடுத்த சிறு குப்பியில் நீங்களே பார்த்திருப்பீர்கள். தோலும் அதன் கீழுள்ள திசுவும் ஒளியைச் சிதறடித்து, உள்வாங்கி, திருப்பி அனுப்பும் விதத்தால்தான் வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது.

இந்த ரத்தத்தை யார் தள்ளுகிறார்கள்? இதயத்தின் தள்ளல் கையை அடைந்து திரும்பும்போது கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். பெரிய தமனியில் சராசரி அழுத்தம் 95 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், தந்துகியைக் கடந்து சிரைக்குள் நுழையும்போது அது சுமார் 15; இதயத்தின் வலது மேலறையில் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். அந்தப் பதினைந்தைக் கொண்டே வீடு வந்து சேர வேண்டும்.

தொங்கும் கையிலிருந்து நெஞ்சு வரை ஒன்றரை அடி ஏற வேண்டுமே, பதினைந்து போதுமா என்று தோன்றும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயின் நடுப்பகுதி எவ்வளவு கீழே தொங்கினாலும், ஒரு பக்கம் இறங்கும் நீரின் எடை மறுபக்கம் ஏறும் நீரைத் தாங்கிக்கொள்வதால் இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தமனியும் சிரையும் சேர்ந்து அப்படியொரு வளைந்த குழாய். ஆகவே ஏற்றம் இங்கே பெரிய தடை கிடையாது.

சிக்கல் சிரையின் சுவரில் இருக்கிறது. கொத்தனாரின் குழாய் விறைப்பானது. சிரையின் சுவரோ மெல்லியது, இளகிக் கொடுப்பது. உடலின் ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எந்த நேரமும் சிரைகளில்தான் தங்கியிருக்கிறது. அசையாமல் நின்றுகொண்டு கையைத் தொங்கவிட்டால் புறங்கைச் சிரையில் அழுத்தம் 35 மில்லிமீட்டர் வரை ஏறும். சுவர் விரிகிறது, ரத்தம் தேங்குகிறது, தந்துகியிலிருந்து நீர் கசிந்து திசுவில் இறங்குகிறது. வெகு தூரம் கைவீசி நடந்து வந்த பிறகு மோதிரம் இறுகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கேதான் தசைகள் கைகொடுக்கின்றன. விரல்களை மடக்கும்போது முன்கைத் தசைகள் தடித்து, தமக்கிடையே ஓடும் ஆழச் சிரைகளைப் பிழிகின்றன. பிழிந்த ரத்தம் கீழே போக முடியாது, கதவு சாத்தியிருக்கிறது. மேலே போகிறது. விரல்களை விரிக்கும்போது காலியான சிரை கீழிருந்து நிரம்புகிறது. தமனியும் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் விரிந்து, ஒட்டி ஓடும் துணைச் சிரைகளை ஒரு நெரி நெரிக்கிறது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, பெருஞ்சிரைகளுக்குள் ரத்தம் எளிதாக வந்து சேர்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து பிழிந்தாலும் ரத்தம் ஒரே திசையில் நகர்வது கதவுகளால்தான்.

கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். புறங்கைக் கோடுகள் சில நொடிகளில் வற்றி மறையும். மெதுவாக இறக்கினால், நெஞ்சின் மட்டத்தை நெருங்கும்போது மறுபடி தலைகாட்டும். கருவி எதுவும் இல்லாமல், இதயத்தின் வலது பக்கத்தில் அழுத்தம் எவ்வளவு என்று குத்துமதிப்பாகச் சொல்ல இது ஒரு பழைய வழி. கையை நெஞ்சுக்கு நன்றாக மேலே தூக்கிய பிறகும் கோடுகள் வற்றாமல் நின்றால், திரும்பி வரும் ரத்தத்தை இதயம் வாங்கிக்கொள்ளத் திணறுகிறது என்று மருத்துவர் சந்தேகப்படுவார்.

*

போன ஆண்டு அம்மாவை எங்கள் ஊர்ப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தோம். டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். சிஸ்டர் வந்து அம்மாவின் மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார். "கையை நல்லா மூடித் திறங்கம்மா" என்றார். இரண்டு விரலால் புறங்கையைத் தட்டிக்கொடுத்தார். குளிரில் சிரை சுருங்கியிருந்தது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றி வைத்தார். கோடுகள் எழும்பின.

அம்மா முழங்கையைக் காட்டி, "ஏங்கண்ணு, மேல இவ்வளவு நல்லாத் தெரியுதே, இங்கயே போட்டுறக் கூடாதா?" என்றார்.

"மொதல்ல மேல குத்திக் கெட்டுப்போச்சுன்னா அப்புறம் கீழ போட முடியாதுங்கம்மா. கீழ ஏத்துற மருந்து மேல ஓட்டை வழியா வெளிய வந்துரும். கீழயிருந்துதான் ஏறணும்."

சொல்லிக்கொண்டே ஊசி முனையைத் தோள் பக்கம் பார்த்தபடி சாய்த்து, தோலுக்குள் நுழைத்தார். வென்ஃப்ளான் என்ற அந்த ஊசிக்குழாயின் அடியில் ரத்தம் எட்டிப் பார்த்ததும் பட்டையை அவிழ்த்தார்.

அந்த ஐந்து நிமிடத்தில் ஹார்வியின் புத்தகம் முழுவதும் இருந்தது. அவர் கையில் கயிற்றை இரண்டு விதமாகக் கட்டிப் பார்த்தார். மிக இறுக்கிக் கட்டினால் தமனியே அடைபட்டு, மணிக்கட்டில் நாடி நின்று, போகப்போகக் கை குளிர்ந்தது. சற்றுத் தளர்த்தியதும், ஆழத்தில் இருக்கும் தமனி திறந்து, தோலருகே உள்ள சிரைகள் மட்டும் அடைபட்டிருந்தன. கை சிவந்தது, கயிற்றுக்குக் கீழே சிரைகள் புடைத்தன. மேலே புடைக்கவில்லை. ரத்தம் தமனி வழியே வந்து சிரை வழியே திரும்புகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். சிஸ்டரின் ரப்பர் பட்டை அந்த இரண்டாவது கட்டு. பட்டைக்குக் கீழே குத்துவதும், முனை இதயத்தைப் பார்ப்பதும், கீழிருந்து மேலே ஏறிப் போவதும், ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்ற ஒரே உண்மையின் கிளைகள்.

அந்தத் திசையை நம்பித் தன் உயிரையே வைத்தவர் ஒருவர் உண்டு. 1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே என்ற சிறுநகர மருத்துவமனையில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர் வேலை பார்த்தார். கைச் சிரை வழியாகக் குழாய் விட்டு இதயத்தை எட்டலாம் என்றார். மேலதிகாரி அனுமதிக்கவில்லை. தன் இடது முழங்கைச் சிரையைத் தானே திறந்து, சிறுநீர்ப் பாதைக்குப் பயன்படும் மெல்லிய குழாயை நுழைத்து, உள்ளே தள்ளிக்கொண்டே போனார். குழாய் கையில் இருக்க, எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று, திரையில் பார்த்துக்கொண்டே 65 செ.மீ. வரை செலுத்தினார். படத்தில் குழாயின் முனை இதயத்துக்குள் தெரிந்தது. இறந்த உடலில் மெல்லிய கம்பியை மேலிருந்து கீழாகச் செலுத்தியபோது ஒவ்வொரு கதவும் தடுத்ததையும், கீழிருந்து மேலாகச் செலுத்தியபோது தடையின்றிப் போனதையும் ஹார்வி எழுதி வைத்திருந்தார். ஃபோர்ஸ்மானின் குழாய் போனதும் கதவுகள் திறக்கும் பக்கம்தான். 1956-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. இன்று புற்றுநோய் சிகிச்சைக்காக மேல்கையில் பொருத்தும் பிக் லைன் என்ற மெல்லிய குழாய் அதே பாதையில் இதயத்தின் வாசல் வரை போகிறது.

அம்மா வீட்டுக்கு வந்து ஒரு வாரமான பிறகு ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி குத்திய இடத்தில் கன்றல் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மற்றக் கையின் முன்கையில் ஒரு கோட்டை விரலால் தடவி, "இது எந்தப் பக்கம் போகுது?" என்றார்.

ஃபாப்ரிசியஸ் கேட்காமல் விட்ட கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. அவர் விரலைப் பிடித்துக் கோட்டின் கீழ்முனையில் வைத்து அழுத்தச் சொன்னேன். என் விரலால் மேலே வழித்துவிட்டு எடுத்தேன். கோடு தட்டையாகக் கிடந்தது. முடிச்சு எழும்பி நின்றது.

"இப்ப விரலை எடுங்கம்மா."

எடுத்தார். கீழிருந்து சரசரவென்று நிரம்பியது. அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு என்னை விலகச் சொல்லிவிட்டு, இன்னொரு கோட்டில் தானே விரலை வைத்து அழுத்தினார்.